ஒரு வாக்குக்காக ஒஷாவா போய் வந்தது

எடின்பரோ போகத் திட்டமிடும் இரண்டு வாசகர்கள் இந்த மாதம் எழுதியிருந்தார்கள். ஸ்கொட்லாந்தின் பழைய பாராளுமன்றம் கூடிய மண்டபத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் அதைப் படித்தவன் என்பதால் வழி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பாராளுமன்றம் எனக்கு மண்டையில் ஏறியது எடின்பரோவில் அல்ல. ரொறன்ரோவிலிருந்து கிழக்கே முப்பத்தேழு மைல் தள்ளியிருக்கும் ஒஷாவாவுக்கு 1975 பெப்ரவரி 15, சனிக்கிழமை, போய் வந்த பயணத்தில்தான். அப்போது கனடாவில் மைல் கணக்கு. நாட்குறிப்பு கையில் இருப்பதால் நேரமும் காசும் பிழைக்காது. மற்றதற்கு நானே பொறுப்பு.

ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பல்கலைக்கழகத்தில் வரலாறு. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் எதற்கு என்று பேராசிரியரே இரண்டு தடவை கேட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லிச் சமாளித்தேன். உண்மை வேறு. அந்தப் பதினான்கு மாடி நூலகத்தில் ஸ்கொட்லாந்துப் புத்தகங்கள் இருந்த ஒரு தட்டுக்குத்தான் போட்டியில்லை. தலையணை தலையணையாகத் தொகுதிகள், பக்கத்தில் வெந்நீர்க் குழாய் ஓடும் சூடான சுவர். காலை ஒன்பதுக்குப் போய் உட்கார்ந்தால் இரவு வரை எவரும் எழுப்ப மாட்டார்கள். எவரும் பேசவும் மாட்டார்கள். ஒரு கிழமை முழுக்க நான் வாய் திறந்தது "தாங்க் யூ" சொல்ல மட்டும் என்ற கிழமைகளும் இருந்தன. இப்போது ஸ்காபரோவில் தடுக்கி விழுந்தால் தமிழ்க்கடை. அந்தக் காலத்தில் தெருவில் ஒரு தமிழ்க் குரல் கேட்பது குதிரைக்கொம்பு.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் எங்கள் தமிழ்ச் சங்கம். பதினேழு அங்கத்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, புளோர் வீதிப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூடுவோம். தேத்தண்ணி, இரண்டு தட்டு ரோல்ஸ், மிச்சமெல்லாம் கதை. ஒருவர் வசனத்தை முடிக்க முன்னம் இன்னொருவர் குறுக்கே பாய்வார். அந்தக் குறுக்கே பாய்தலுக்காகவே நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அந்தச் சங்கத்தைக் கலைத்து, எல்லா இலங்கையரும் இருந்த பெரிய சங்கம் ஒன்றோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் தலைவர் புறப்பட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு கணக்காளர். வாடகை, தபால்செலவு, ஆள்பலம் என்று நியாயமாகத்தான் சொன்னார். பெரிய சங்கத்தில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பெப்ரவரி 16, ஞாயிறு, வாக்கெடுப்பு. வர முடியாதவர் கையெழுத்திட்டு ஒட்டிய கடிதம் அனுப்பலாம். அதைச் செயலாளர் கூட்டத்தில்தான் உடைக்க வேண்டும். தலைவர் பக்கம் எட்டுப் பேர், எங்கள் பக்கம் எட்டுப் பேர். பதினேழாவது ஆள் செல்வரத்தினம் அண்ணை. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. வயது நாற்பதுக்குக் கிட்ட. சங்கத்துக்கு மொத்தமாக இரண்டு தடவைதான் வந்திருந்தார், இரண்டு தடவையும் கதவோரத்தில் இருந்தார்.

புதன்கிழமை அவருக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, சனிக்கிழமை உங்களைப் பாக்க வாறன்" என்றேன். "வாரும், வாரும்" என்றார். ஏன் வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனி காலை 9.10க்கு ஸ்பதைனா வீதியில் என் அறையிலிருந்து இறங்கினேன். முதல்நாள் இரவு எட்டு அங்குலம் பனி. யூனியன் நிலையத்தில் ரயில் 9.43. பயணச்சீட்டு, பஸ்ஸையும் சேர்த்து, போக ஒரு டொலர் ஐம்பத்தைந்து என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்போது ரயில் பிக்கறிங் வரைதான் ஓடியது. அங்கே இறங்கி பஸ் மாற வேண்டும். ரயில் பெட்டியில் என்னோடு ஆறு பேர், ஆறு பேரும் ஆறு மூலையில். வலப்பக்கம் ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. பார்க்க அழகு என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. அவ்வளவு பெரிய வெளியில் ஒரு ஆள் இல்லை.

மடியில் என் குறிப்புப் புத்தகம். தலைவரை நினைத்துக்கொண்டு அதில் ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஸ்கொட்லாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அரசர் கூட்டிய சபை அது. குருமார், பிரபுக்கள், நகரங்களின் பிரதிநிதிகள் என மூன்று வகுப்பாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். இங்கிலாந்தைப் போல மேல்சபை கீழ்சபை இல்லை. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் ஒரு தந்திரம் நடந்தது. முதல் நாள் கூடுவார்கள், ஒரு சின்னக் குழுவைத் தெரிவார்கள், மற்றவர்கள் போய்விடுவார்கள். அந்தக் குழு, பெரும்பாலும் அரசரின் ஆட்கள், எல்லாச் சட்டத்தையும் அறைக்குள் தீர்மானிக்கும். கடைசி நாள் எல்லாரும் திரும்பி வந்து கட்டோடு தலையாட்டுவார்கள். எங்கள் தலைவரும் இப்படித்தான், கூட்டத்துக்கு முன்னமே வீட்டில் வைத்து எட்டுப் பேரைச் சரிக்கட்டிவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு என் அறையில் எங்கள் எட்டுப் பேருக்கும் நான் வைத்திருந்த கூட்டம் அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா.

பிக்கறிங்கில் பஸ் 10.35க்குப் புறப்பட்டது. பாதி வழியில் ஒரு லொறி பாதைக்குக் குறுக்கே சறுக்கி நின்றதில் ஐம்பத்தைந்து நிமிடம் அசையவில்லை. பஸ்ஸில் நானும் சாரதியும் மட்டும். நடுவயதுக்காரர், தெர்மோஸ் மூடியில் எனக்கும் கொஞ்சம் கோப்பி ஊற்றித் தந்தார்.

"இந்தப் பனியில் யாரைப் பார்க்கப் போகிறாய்? சிநேகிதரா?" என்று கேட்டார்.

"இல்லை, எங்கள் சங்கத்து அங்கத்தவர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஒஷாவாவில் இறங்க 12.20. நிலையத்திலிருந்து அவருடைய வீடு ஒரு மைலுக்குச் சற்றுக் கூட. நல்ல நாளில் இருபது நிமிட நடை, எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. நடைபாதை வழித்திருக்கவில்லை. சப்பாத்துக்குள் பனி. எடின்பரோவில் பாராளுமன்றம் தொடங்கும் நாளில் எல்லாரும் சோடி சோடியாகக் குதிரையில் அரண்மனையிலிருந்து மேட்டுத் தெருவால் ஊர்வலம் போவார்களாம். தரம் குறைந்தவர் முன்னால், பிரபுக்கள் பின்னால், கடைசிப் பக்கமாகக் கிரீடமும் செங்கோலும் வாளும். நான் ஒஷாவாவின் ஒரு தெருவில் கணுக்கால் புதையும் பனியில் தனி ஆளாக, கோட்டுப் பைக்குள் வாக்கை எழுதி வைத்த ஒரு கடதாசியோடும் உறையோடும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

1.05க்குக் கதவைத் தட்டினேன். மேலே வீட்டுக்காரி, கீழே நிலவறையில் இவர். தட்டிய கை எடுக்க முன்னம் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. தலை படிய வாரியிருந்தது.

"வாரும் வாரும். பதினொண்டரையிலை இருந்து யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கிறன். கோட்டைக் கழட்டும்."

"இல்லை அண்ணை, ரெண்டு பத்து பஸ்ஸைப் பிடிக்கவேணும். அதை விட்டால் நாலரைக்குத்தான்."

"நாலரைக்குப் போமன். என்ன அவசரம்?"

"அஞ்சுக்கு ஒரு கூட்டம் அண்ணை."

சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. மேசையில் பேப்பர் விரித்து இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தார். மூலையில் இரட்டை அடுப்பில் மூடிய சட்டிகள். கோழிக் குழம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. நான் காலையில் இரண்டு துண்டு பாண் சாப்பிட்டவன். யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட கறி வாயில் வைத்து எட்டு மாதம். அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டு நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கடதாசியை எடுத்தேன்.

"மனிசி தூள் அனுப்பினவ. கொஞ்சம் உறைப்பு. இரும், போடுறன்" என்றார்.

"சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அண்ணை. இதிலை ஒரு கையெழுத்துத்தான் வேணும்."

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சமைத்து வைத்துக் கூப்பிட, கை நனைக்காமல் போனால் அது வெறும் அவசரம் அல்ல, உங்களோடு எனக்கு உறவில்லை என்று சொல்வது. இது தெரியாமல் வளர்ந்தவன் அல்ல நான். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். என் மனதில் அப்போது ஓடியது ஒரே எண், ஒன்பதுக்கு எட்டு.

அவர் கடதாசியை வாங்கி வாசித்தார். "உந்தச் சங்கக் கதை எனக்கு அவ்வளவு விளங்கேல்லை. சேர்ந்தால் என்ன, சேராட்டில் என்ன? ஏன் உமக்கு இவ்வளவு மினக்கேடு?"

இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்கக் கூடாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற நிலையில் தொடங்கிவிட்டேன். 1707இல் அந்தப் பாராளுமன்றம் தன்னைத்தானே இல்லாமல் ஆக்க வாக்களித்தது, இங்கிலாந்தோடு சேர்ந்தது, தெருவில் சனம் கொதித்தது, ஊர் ஊராக எதிர்ப்பு மனு வந்தது, ஒன்றும் நிற்கவில்லை என்று சொன்னேன். நகரப் பிரதிநிதி தன் ஊர் கொடுத்த கடிதம் இல்லாமல் மண்டபத்துக்குள் போக முடியாது என்று சொன்னேன். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது வராதவருக்குக் குற்றப்பணம் விழும் என்று சொன்னேன். தோற்றவனுக்கும் ஒரு வழி இருந்தது. எழும்பி "ஆட்சேபிக்கிறேன்" என்று சொல்லி எழுத்தருக்கு ஒரு நாணயத்தைப் போட்டால், அவன் சொன்னதைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும், அப்படி அந்தக் கடைசிக் கூட்டத்தில் எத்தனையோ ஆட்சேபம் விழுந்தது என்றும் சொன்னேன். அவர் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதினதை வெட்டேலாதோ?" என்று ஒரு தரம் கேட்டார்.

"போட்டவன்தான் திருப்பி எடுக்கலாம். மற்ற ஆக்கள் தொடேலாது."

"நல்ல சட்டம்" என்றார்.

இருபது நிமிடம் பேசியிருப்பேன். மனைவி எப்போது வருகிறா என்று கேட்கவில்லை. பிள்ளை எத்தனை என்று கேட்கவில்லை. வேலை எப்படி, குளிரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. தமிழில் கதைக்க ஆளில்லை என்று சங்கத்துக்காக உயிரை விட்டவன் நான். முன்னால் ஒரு முழு மனிதன் தமிழில் கதைக்க நிற்கிறான், அவனை வாக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

"சரி, நான் ஆறுதலா எழுதி ஒட்டித் தாறன்" என்று கட்டிலில் இருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டித் தந்தார். 1.35. வாசலில் நின்று, "கொஞ்சம் கட்டித் தரட்டோ?" என்றார். கூட்டத்துக்கு டப்பாவோடு போவதா என்று நினைத்து, "வேண்டாம் அண்ணை" என்றேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது யன்னல் திரை விலகியிருந்தது.

ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன். ரயிலைப் பிடித்தேன். ஐந்து மணிக் கூட்டத்துக்கு எட்டுப் பேரில் நாலு பேர்தான் வந்தார்கள், மற்றவர்களுக்குப் பனி.

ஞாயிறு மூன்று மணிக்கு நிலவறையில் பதினாறு பேர். செயலாளர் பத்மா அக்கா, ஒரு தாதி, பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாக்குக் கேட்டா. எட்டுக்கு எட்டு. பிறகு "செல்வரத்தினம்" என்று கூப்பிட்டு, நான் கொடுத்த உறையை உடைத்தா. உள்ளேயிருந்து ஒரு இருபத்தைந்து சதக் குற்றி மேசையில் விழுந்து உருண்டது. எல்லாரும் பார்த்தார்கள். அவ கடிதத்தை வாசித்தா.

"சங்கம் தனியா இருக்கட்டும் எண்டு என்ரை வாக்கு. அதோடை ஒரு ஆட்சேபம் பதியவேணும், காசு வைச்சிருக்கிறன். என்னைப் பாக்க வாறன் எண்டு சொல்லி வந்தவர் சாப்பிடாமல் போட்டார்."

முதலில் ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் காது கொதித்தது.

"உதைப் பதியிறதோ?" என்று பத்மா அக்கா கேட்டா.

தோற்றுப்போன தலைவர்தான் பதில் சொன்னார். "அங்கத்தவர் ஒராள் கேட்டிருக்கிறார். பதியத்தான் வேணும்."

பதிந்தா. ஒன்பதுக்கு எட்டு. நான் வென்றேன். ஒருவர் முதுகில் தட்டினார். ரோல்ஸ் வந்தது, நான் தொடவில்லை. தலைவரின் ஆட்கள் அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. ஆனியில் ஆறு பேர் வந்தோம், மார்கழியில் மூன்று பேர். அதற்குப் பிறகு வாடகை கட்ட ஆளில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை வைத்திருக்க எவரும் விரும்பாததால் அது என்னிடம் வந்தது, இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

வாசகர்கள் கேட்டதற்கு வருகிறேன். எடின்பரோ மண்டபம் மேட்டுத் தெருவில், பெரிய தேவாலயத்துக்குப் பின்னால். இப்போது நீதிமன்றக் கட்டடம். வார நாட்களில் போங்கள், நான் போன இரண்டு தடவையும் காசு வாங்கவில்லை, வாசலில் பையைச் சோதிப்பார்கள். ஆணியடித்த பழைய மரக் கூரையை அண்ணாந்து பாருங்கள். கீழே வக்கீல்மார் இரண்டிரண்டு பேராக மேலும் கீழும் நடந்துகொண்டே கதைப்பார்கள், மற்றவர் காதில் விழக்கூடாதாம். அரை மணித்தியாலம் போதும். ஒஷாவாவுக்கு இப்போது பஸ் மாறத் தேவையில்லை, யூனியனில் ஏறினால் ரயில் நேரே போகும், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. நிலையம் ஊருக்கு ஒதுக்குப்புறம், அங்கிருந்து உள்ளூர் பஸ் உண்டு. மாசியில் போவதென்றால் முழங்கால் வரை வரும் சப்பாத்துப் போடுங்கள். ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் திரும்பும் வண்டி நேரத்தைப் பார்க்காமல் போங்கள். பயணக் கட்டுரை எழுதுபவன் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்.

இன்னொரு பயணமும் உண்டு. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ரெலிபோன் எடுக்க வெட்கப்பட்டு மூன்று கிழமை போக்கிவிட்டு, மார்ச் 8, சனிக்கிழமை, அதே 9.43க்கு ஏறினேன். கையில் ஒரு பெட்டி பிஸ்கற். அன்று பஸ் பிந்தவில்லை, 11.45க்கு வாசலில் நின்றேன். கீழ்க் கதவு திறக்கவில்லை. மேலேயிருந்து வீட்டுக்காரி இறங்கி வந்தா. வயதான பெண், கையில் மாவு.

"அவர் போய்விட்டார். அல்பேர்ட்டாவில் வேலை கிடைத்தது, போன ஞாயிறு. விலாசம் ஒன்றும் விட்டுப் போகவில்லை" என்றா.

நன்றி சொல்லித் திரும்பினேன். அவவுக்கு இன்னும் கதைக்க வேண்டும் போலிருந்தது.

"நல்ல மனிதர். ஒரு சத்தம் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் விருந்தாளி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னமே மேலே வந்து என்னிடம் ஒரு கதிரை இரவல் கேட்டார், அவரிடம் ஒன்றுதானே இருந்தது. சனிக்கிழமை வேலையையும் யாரோடோ மாற்றிக்கொண்டார். அந்த விருந்தாளி நீதானா?"

இல்லை என்றேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தது.